பன்னிரண்டாம் நாள்



நெடுந்தூரப் பிரயாணம் செய்தவர்கள் புறப்பட்ட கதையை விரிவாகச் சொல்வார்கள். வழியில் கண்ட காட்சிகளை அதைவிட விரிவாகச் சொல்வார்கள். ஊர் வந்து சேர்ந்த கதையை மட்டும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். "இன்ன தேதியன்று சுகமாக வந்து சேர்ந்தோம்" என்பதோடு சரி. நானும் அப்படியே எண்ணியிருந்தவன்தான். சென்ற தை மாதத்தில் கன்னியாகுமரியிலிருந்து கோலார் தங்கவயல் வரை சைக்கிளில் சென்று வந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. பன்னிரண்டு நாள் பிரயாணம். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். முதல் பதினொரு நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. பன்னிரண்டாம் நாளைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் விளையாட்டு வீரன் அல்லேன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளையும் ஆண்டறிக்கைகளையும் தமிழாக்குவது என் உத்தியோகம். நாற்பதைத் தாண்டிய வயது. நாள் முழுவதும் நாற்காலி. டாக்டர் நடக்கச் சொன்னார்; நடப்பதில் எனக்கு அலுப்பு உண்டாகவே சைக்கிளை எடுத்தேன். ஞாயிறுதோறும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் என்று தொடங்கி மூன்று ஆண்டுகளில் நூறு கிலோமீட்டர் வரை பழகிக்கொண்டேன். அதற்குமேல் யாரும் என்னைப் பிரயாணம் போகச் சொல்லவில்லை. போக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் எங்கள் குடும்பத்து விஷயம்.

என் பாட்டனாருக்குச் சொந்த ஊர் திருப்பத்தூருக்கு அருகில் ஒரு சிற்றூர். 1930-களின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருஷத்தில், அவர் தங்கவயலுக்கு வேலை தேடிப் போனார். அந்தக் காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இன்றும் தங்கவயலில் தமிழ் ஓங்கி ஒலிப்பதற்கு அதுவே காரணம். பங்காருப்பேட்டையிலிருந்து சுரங்கங்களுக்கு 1894-ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் பாட்டனாரிடம் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. குப்பம் வழியாக நடந்தே போனாராம். இரண்டு இரவுகள் வழியில் தங்கினாராம். எந்தச் சத்திரத்தில், எந்த மரத்தடியில் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

என் தந்தையார் 1963-இல் சுரங்கத்தில் சேர்ந்தார். பூமிக்கு அடியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. ஒரு காலத்தில் உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அப்பா வேலை செய்தது மாரிக்குப்பத்து மைசூர் சுரங்கத்தில். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்டன. அப்போது நான் பி.ஏ. இறுதி வகுப்பு மாணவன். தேர்வு எழுதினேன், உத்தியோகம் கிடைத்தது, ஊரை விட்டுப் புறப்பட்டேன். அதன் பிறகு நான் தங்கவயலுக்குப் போனதெல்லாம் இரவு ரயிலில் போய், மறுநாள் இரவே திரும்பும் போக்குவரத்துத்தான். அம்மா காலமான பிறகு அதுவும் குறைந்துவிட்டது. அப்பா மட்டும் அந்த லைன் வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். எண்பதைக் கடந்துவிட்டார், கண் பார்வை மங்கிவிட்டது.

ஆகவே பிரயாணத்தைத் திட்டமிட்டபோது முதலில் நான் தீர்மானித்தது கடைசி நாளைத்தான். திருப்பத்தூரிலிருந்து நாட்றம்பள்ளி, குப்பம் வழியாகத் தங்கவயல். பாட்டனார் நடந்த அந்தத் திசையில், ஒரே பகலில். மற்ற பதினொரு நாட்களும் அதற்கு முன்னுரையாகச் சேர்க்கப்பட்டவையே. இதில் ஒரு முட்டாள்தனமும் இருந்தது. தை மாதத்தில் கிழக்குக் கரையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடி, தொண்டி, நாகப்பட்டினம், புதுச்சேரி என்று வடக்கு நோக்கிப் போகிறவன் அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே போக வேண்டும். எதிர்த்திசையில் போயிருந்தால் காற்றே என்னைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். தெரிந்துதான் செய்தேன். முடிவு தங்கவயலில் இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

பதினோராம் நாள் மாலை திருவண்ணாமலையிலிருந்து செங்கம், சிங்காரப்பேட்டை வழியாகத் திருப்பத்தூர் வந்து சேர்ந்தேன். அன்றிரவு விடுதி அறையில் எனக்கு ஏற்பட்ட மனநிலையை இங்கே சொல்ல வேண்டும். பிரயாணம் முடிந்துவிட்டது என்றே மனம் தீர்மானித்துவிட்டது. நாளைக்கு இருப்பது ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். ஆயிரத்தில் தொண்ணூறு ஒரு பொருட்டா? அதுவரை ஒவ்வோர் இரவும் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு, பிரேக்கைச் சரிபார்த்து, சக்கரக் கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். அன்று மட்டும் செய்யவில்லை. குடும்பத்தாருடன் போனில் பேசினேன். திரும்புவதற்கு ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தேன். தூங்கிவிட்டேன்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இதற்கு ஒப்பான அனுபவம் எனக்கு நிறைய உண்டு. இருநூறு பக்க அறிக்கையில் பிழை எங்கே விழும் என்று கேட்டால், முதல் பக்கத்தில் அன்று, நடுவிலும் அன்று. கடைசி நான்கு பக்கங்களில் என்று சொல்வேன். கை எழுதிக்கொண்டிருக்கும், மனம் அறிக்கையைக் கட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

சைக்கிள் உலகத்திலும் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்தில் 1903-ஆம் ஆண்டு தொடங்கி நடந்துவரும் 'டூர் த பிரான்ஸ்' பந்தயத்தில் கடைசி நாள் பெரும்பாலும் ஊர்வலம் போன்றதே. முன்னணியில் இருப்பவரை அன்று யாரும் மிஞ்ச முயல்வதில்லை என்பது வழக்கம். 1989-இல் அந்தக் கடைசி நாளைத் தனித்தனியாக ஓட்டும் காலப்பந்தயமாக வைத்தார்கள். தூரம் வெறும் இருபத்துநாலரை கிலோமீட்டர். பிரெஞ்சு வீரர் லோரான் ஃபிஞோன் 50 விநாடிகள் முன்னிலையில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் அந்த 50 விநாடியை அழித்து, 8 விநாடி வித்தியாசத்தில் பந்தயத்தையே வென்றுவிட்டார். மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்த பிறகு 8 விநாடி!

நம் நாட்டவர் கதையும் ஒன்று இருக்கிறது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார்கள். 1928 மார்ச்சில் பம்பாய்க்குத் திரும்பியவர்கள் மூவர்: ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா. மற்ற மூவரும் இடையில் விலகிவிட்டார்கள். நாலரை ஆண்டுக் காலம் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கடைசி நாள் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஊரின் முதல் விளக்கைக் கண்டபோது வேகமாக மிதித்தார்களா, மெதுவாக மிதித்தார்களா?

காலை ஐந்தரை மணிக்குத் திருப்பத்தூரை விட்டேன். நல்ல பனி. நாட்றம்பள்ளி வரை வெயில் ஏறவில்லை. அதற்கப்பால் சாலை மேட்டை நோக்கிப் போகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போகிற ரயிலும் பச்சூர் பக்கத்தில் இப்படித்தான் மூச்சு வாங்கி ஏறுகிறது. திருப்பத்தூருக்கும் தங்கவயலுக்கும் உயரத்தில் 400 மீட்டருக்கும் அதிகமான வித்தியாசம். பாட்டனாரும் ஏறித்தான் போயிருக்கிறார் என்ற சாதாரண விஷயம் அன்றுதான் எனக்குப் புலப்பட்டது. "நடந்து போனார்" என்று வீட்டில் சொல்லும்போது சமவெளியில் நடந்ததாகவே கற்பனை செய்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் உடம்பு எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். கால்கள் நன்றாகவே இருக்கும். முதல் நாளைவிடப் பலமாகவே இருக்கும். கெட்டுப்போவது மற்றவை. கைப்பிடியை அழுத்தி அழுத்திச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இருக்கையில் உட்காரும் இடம் புண்ணாகும். எனக்கு இடது முழங்காலில் எட்டாம் நாளிலிருந்தே வலி. மேட்டில் அது கூடிற்று.

குப்பத்துக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். பின் சக்கரத்தில், செயின் பக்கத்துக் கம்பி ஒன்று அறுந்துவிட்டது. முந்தின இரவு விரலால் தட்டிப் பார்த்திருந்தால் அதன் தளர்ச்சி தெரிந்திருக்கும். சக்கரம் கோணி பிரேக் கட்டையில் உரச, தள்ளிக்கொண்டே குப்பம் போய்ச் சேர்ந்தேன்.

குப்பம் ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர். சைக்கிள் கடைக்காரர் வயதானவர். என்னிடம் தமிழிலும் தம் பேரனிடம் தெலுங்கிலும் பேசினார். செயின் பக்கத்துக் கம்பியை மாற்ற வேண்டுமானால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஒரு மணி நேரமாகும் என்றார்.

"எதுவரைக்கும் சார் போகணும்?"

"தங்கவயலுக்கு."

"அங்கேதான் எல்லாம் மூடிட்டாங்களே. சைக்கிளிலே போய்ப் பார்க்க என்ன இருக்கு?"

"அப்பா இருக்கார்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரை எடுத்தார்.

அந்த ஒரு மணி நேரந்தான் பிரயாணம் முழுவதிலும் எனக்கு மிகவும் கடினமான நேரம். குப்பத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. பங்காருப்பேட்டைக்குப் போய் அங்கே மாறினால் கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று வரிசையாகக் கடந்து மாரிக்குப்பத்திலேயே இறங்கலாம். முழங்கால் வலி ஒரு நியாயம். சக்கரம் ஒரு நியாயம். மூன்று மணிக்கு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் காத்திருப்பார் என்பது இன்னொரு நியாயம். நான் ரயிலில் வந்தேனா சைக்கிளில் வந்தேனா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? நியாயங்கள் நன்றாக இருந்தன. ஆனால் பாட்டனாருக்கு இந்த நியாயங்களில் எதுவும் கிடைக்கவில்லையே என்று ஒரு நினைவு வந்தது. இது உயர்ந்த இலட்சியம் ஒன்றுமில்லை, வெறும் வெட்கம். வெட்கம் சில சமயங்களில் நல்ல வேலை செய்கிறது.

கடைக்காரர் கம்பியைப் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் எடுத்தார். "இது கொஞ்சம் மொத்தக் கம்பி சார். சரியான அளவு என்கிட்டே இல்லே. வீடு போறவரைக்கும் தாங்கும்" என்றார். கூலி வாங்கிக்கொண்டு, வெல்லக்கட்டி ஒன்றும் கொடுத்தார்.

குப்பத்திலிருந்து தங்கவயல் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். குடுபல்லி தாண்டினால் பாறைக் குன்றுகள்; நிலக்கடலைக் கொல்லைகள்; அங்கங்கே வற்றிய ஏரிகள். சாலையில் வண்டிகள் குறைவு. முழங்காலுக்கு ஒரு வழி கண்டேன்: சிறிய பல்லுக்கு மாற்றி, அழுத்தாமல் சுற்றிக்கொண்டே போவது. நடையைவிட சற்றே கூடுதலான வேகம். அதனால் என்ன? நடந்தவர் போன வழிதானே.

மேடு ஏறி முடிந்து ஓரிடத்தில் சாலை சற்றே இறங்குகிறது. அங்கேதான் தொலைவில் அது தெரிந்தது: வெளிறிய மண்நிறத்தில், உச்சி தட்டையான நெடிய மேடு. வெளியூர்க்காரர்கள் அதை மணல்குன்று என்று நினைப்பார்கள். பாறையை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கழிவு அது. நூற்றிருபது ஆண்டுகளில் தங்கவயல் கொடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பது கணக்கு. அந்தத் தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. கழிவு மட்டும் 3 கோடி டன்னுக்கு மேல் அங்கேயே நிற்கிறது. காற்றடி காலத்தில் அந்தத் தூள் பறந்து வந்து உலர்த்திய துணியிலும் உண்ணும் சோற்றிலும் படியும். சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். எனக்கு அது மலை; ஊரின் அடையாளம். அதைக் கண்டவுடன் ஊருக்கு வந்துவிட்டேன் என்று நெஞ்சு பொங்கிற்று. கண் அதிலேயே நின்றுவிட்டது.

சாலையின் ஓரத்தில் ஜல்லி சிதறிக் கிடந்ததை நான் பார்க்கவில்லை. எதிரே ஒரு டிராக்டர் வர, ஓரம் ஒதுங்கினேன். முன் சக்கரம் ஜல்லியில் வழுக்கிற்று. இடது பக்கமாக விழுந்தேன். முழங்கையும் உள்ளங்கையும் சிராய்த்து ரத்தம் கசிந்தது. விழுந்தது வலது பக்கமாக இருந்திருந்தால் இந்தப் பேச்சை நான் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். டிராக்டர்காரர் மேல் குற்றமில்லை. சாலை மேலும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி ஓடிவந்து, தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ரோட்டைப் பார்த்து வரக்கூடாதா சாமி?" என்றார். பதினொரு நாட்கள் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஒரு கீறலும் இல்லாமல் வந்தவனுக்கு, ஆளரவமற்ற சாலையில், வீட்டுக்குப் பத்துக் கிலோமீட்டர் முன்னால் கிடைத்த கேள்வி அது.

அப்பா ஒரு விஷயம் சொல்வதுண்டு. வேலை முடிந்து ஆட்களை மேலே கொண்டுவரும் கூண்டைச் சுரங்கத்தில் கேஜ் என்பார்கள். ஆழத்தில் பாறை வெடிக்கும், அனல் அடிக்கும், எல்லாம் உண்டு. அங்கே ஒவ்வொருவனும் ஜாக்கிரதையாகவே இருப்பான். ஆனால் கேஜ் மேலே ஏறி, வெளிச்சம் கண்ணில் பட்டதும், புது ஆள் கம்பிக்கு வெளியே கையை நீட்டுவானாம். "வெளிச்சத்தைப் பார்த்தா வெளியே வந்துட்டதா அர்த்தமில்லே. கதவைத் திறக்கிற ஆள் திறக்கணும்" என்பார். சின்ன வயதில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சுரங்கத்தைப் பற்றிய பேச்சு என்றே எண்ணியிருந்தேன்.

கையைக் கழுவித் துணியைச் சுற்றிக்கொண்டேன். கைப்பிடி திரும்பியிருந்தது, நேராக்கினேன். அதற்குப் பிறகு அந்த மேட்டை நான் பார்க்கவே இல்லை. முன் சக்கரத்துக்கு முன்னால் இருந்த சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். எல்லையைக் கடந்ததும் கன்னடப் பலகைகள். பிறகு புளியமரங்கள். பிறகு வரிசை வரிசையாகத் தாழ்ந்த கூரையுடைய லைன் வீடுகள்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. இன்று சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் சில துருவேறி நிற்கின்றன. விடியற்காலையில் ஆயிரக்கணக்கான ஆண்கள் பெங்களூர் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள். முன்பு பூமிக்குக் கீழே போய் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று நெடுக்காகப் போய் வருகிறார்கள். முன்பெல்லாம் ஷிப்ட் மாறும் சங்கு ஊதினால் வீடுகளில் அடுப்பு மூட்டுவார்கள். அந்தச் சங்கு இல்லாத பிற்பகலில் நான் தெருவுக்குள் நுழைந்தேன். மணி ஐந்தேகால்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணியிலிருந்தே அங்கே உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொன்னாள். என் முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு வரும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாளாக மனத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "வந்துட்டேன் அப்பா" என்றேன்.

"மூணு மணின்னு சொன்னே."

"குப்பத்துலே கம்பி அறுந்துபோச்சு."

அவர் எழுந்து வந்தார். என் தோளைத் தொட்டார். கட்டுப்போட்ட கையைத் தடவினார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குனிந்து, சைக்கிளின் பின் சக்கரத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிக்கொண்டே போனார். ஒரு கம்பியில் விரல் நின்றது.

"இது வேறே கம்பி" என்றார். "மொத்தம். நாளைக்கு ராபர்ட்சன்பேட்டையிலே மாத்திடலாம். உள்ளே எடுத்து வை. கதவுப் பக்கம் சாய்க்காதே, பூனை தள்ளிவிடும்."

பாட்டனார் நடந்த வழியாக வந்தேன் என்று இரவு சாப்பிடும்போது சொன்னேன். எந்த இடத்தில் ஏற்றம் அதிகம் என்று கேட்டார். பச்சூர்ப் பக்கம் என்றேன். "அவரும் அதைத்தான் சொல்லுவார்" என்றார். அந்தத் தகவலை எண்பது வயதுவரை அவர் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதன் பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பாட்டனார் தங்கிய இரண்டு இடங்களில் ஒன்று குடுபல்லிக்கு இப்பால் ஒரு ஏரிக்கரை என்று தெரிந்தது. மற்றொன்று அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தது. ஆயினும் நெடுந்தூரம் ஓட்டிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கால் மரக்கட்டையாகிவிடும் என்பதால் மெதுவாக ராபர்ட்சன்பேட்டை வரை ஓட்டிப் போனேன். புதுக் கம்பி போட்டாயிற்று. திரும்பி வந்ததும் அப்பா மறுபடியும் எல்லாக் கம்பிகளையும் சுண்டிப் பார்த்தார்.